பழைய அமெரிக்க சரக்குப் பெட்டியின் எஃகு முனைச்சுவரை வைத்து அதன் வயதைச் சொல்ல முடியுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: 1:87 அளவில் ஒரு பழைய அமெரிக்க பாக்ஸ்கார் (மூடிய சரக்குப் பெட்டி) மாடல் செய்கிறீர்கள். கையில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ரயில்வேயின் பெயரும் பெட்டி எண்ணும் அழிந்துவிட்டன. கதவுக்கு வலப்பக்கம் கீழே 3712 கன அடி என்ற கொள்ளளவு மட்டும் படிக்கக் கிடைக்கிறது. முனைச்சுவரில் (பெட்டியின் நீளவாக்கு முடியும் இடத்துக் குறுக்குச் சுவர்) கிடைமட்டமாக மேடுகள், மேல் தகட்டில் நாலு, கீழ்த் தகட்டில் ஐந்து; மூலை வளைவாக இருக்கிறது. "இது என்ன வகை முனை, எந்த வருஷத்துப் பெட்டி?" என்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. முனையின் பெயர் என்ன என்பது ஒன்று. அந்தப் பெயரை வைத்துப் பெட்டியின் வயதைச் சொல்லலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உங்கள் படத்திலேயே உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பாதிப் பதில்தான். முனையைப் பார்த்து "இந்தக் காலத்துக்கு முன்னால் இருக்க முடியாது" என்று அடித்துச் சொல்லலாம். "இந்தக் காலத்துக்குப் பின்னால் இருக்க முடியாது" என்று சொல்லக் கூடாது. பழைய பாணி முனையையே விடாமல் வாங்கிய ரயில்வேக்களும் உண்டு, பழைய முனையைக் கழற்றாமல் மற்றதையெல்லாம் மாற்றிக் கட்டிய பட்டறைகளும் உண்டு.

முனைச்சுவரில் மேடு எதற்கு என்பதிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். பெட்டிகளைக் கோக்கும்போது ஒன்றை ஒன்று இடிக்கும். உள்ளே இருக்கும் மரமோ குழாயோ மூட்டையோ முன்னால் பாய்ந்து சுவரில் மோதும். மரப்பலகைச் சுவர் அப்படித்தான் பிளந்து போனது. வெறும் தட்டை எஃகுத் தகடு போட்டால் பிளக்காது, ஆனால் வயிறு தள்ளிவிடும். கூரைக்குப் போடும் நெளி தகரம் மெல்லியதாக இருந்தும் ஏன் வளையாமல் நிற்கிறதோ, அதே காரணத்துக்காகத்தான் இந்தத் தகட்டையும் அச்சில் அழுத்தி மேடுகள் எழுப்பினார்கள். இந்தத் தொழிலில் பெரிய பெயர் ஸ்டாண்டர்ட் ரயில்வே எக்விப்மென்ட் கம்பெனி. அதன் முதலாளி வால்டர் மர்ஃபியின் பெயரில்தான் "மர்ஃபி முனை", "மர்ஃபி கூரை" என்ற பேச்சு வந்தது.

முதல் வேலை எண்ணுவது. ஆனால் மேடுகளை எண்ணுவதற்கு முன் தகடுகளை எண்ணுங்கள். முனைச்சுவர் ஒரே தகடு அல்ல. இரண்டோ மூன்றோ தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கிடைமட்டமாக ஒரு ரிவெட் வரிசையால் இணைக்கப்பட்டிருக்கும். அந்த ரிவெட் வரிசைதான் உங்கள் எல்லைக்கோடு. அதைக் கண்டுபிடிக்காமல் "மொத்தம் ஒன்பது மேடு" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கோட்டுக்கு மேலே எத்தனை, கீழே எத்தனை என்று பிரித்து, மேலிருந்து கீழாக எழுதுவதே வழக்கம்: 4/5, 5/5, 7/8. மூன்று தகடு என்றால் 5-5-5.

எண்ணும்போது தவறு வருவது எப்போதும் அதே சில இடங்களில்தான். கடைசி மேடு, அடியில் இருக்கும் முனைச் சட்டத்தின் நிழலில் மறைந்துகொள்ளும். முதல் மேடு, கூரைமேல் நடைபாதைப் பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நிழலில் போய்விடும். நடுவில் அறிவிப்புச் சீட்டு ஒட்டும் மரப்பலகை ஒரு மேட்டை முழுசாக மூடிவிடும்; பிரேக் போடுபவர் நிற்கும் படி இன்னொன்றை மூடும். அதனால் நடுவில் எண்ணாதீர்கள். 1911-ல் அமெரிக்காவில் பாதுகாப்புக் கைப்பிடிகளுக்கு விதி வகுத்தபோது ஏணியின் இடமும் ஒரே மாதிரியாக ஆனது: முனையை நேராகப் பார்த்து நின்றால் ஏணி உங்கள் இடப்பக்கம். வலப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக, கீழே ஒரு கைப்பிடியோடு மட்டும் இருக்கும். அந்த வலப்பக்க ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழாக எண்ணுங்கள். பிறகு ஏணிப் பக்கமும் ஒருமுறை எண்ணி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

இன்னொரு பொறி, மேடா பள்ளமா என்பது. 1920களில் உள்பக்கமாக அழுத்திய முனைகளும் வந்தன. அவற்றில் வெளியிலிருந்து பார்த்தால் வரிகள் பள்ளமாக இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் கண் இதில் சுலபமாக ஏமாறும். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று மூளை தானாகவே எடுத்துக்கொள்வதால், படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். கண்ணை நம்பாமல் ஏணியை நம்புங்கள். ஏணிப்படி கண்டிப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். மேட்டின் இருண்ட பக்கமும் அதே பக்கம் இருந்தால் அது மேடு. எதிர்ப்பக்கம் இருந்தால் பள்ளம். ஏணிப்படியின் நிழல் சுவரில் வளைந்து ஏறி இறங்குவதைப் பார்த்தாலும் போதும். அந்த நிழலின் நெளிவு சுவரின் குறுக்குவெட்டையே வரைந்து காட்டிவிடும்.

எண்ணியாயிற்று, இனி மேட்டின் நுனியைப் பாருங்கள். எண்ணிக்கையைவிட நுனிதான் முக்கியம் என்று நான் சொல்வேன். பழைய நெளிவு முனைகளில் மேடு முழு நீளத்துக்கும் ஒரே தடிமனாக ஓடி, மூலைக்குச் சற்று முன்னால் மழுங்கலாக நின்றுவிடும். முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு ரயில்வேக்களைத் தன் நிர்வாகத்தில் எடுத்தபோது வடிவமைத்த பொதுத் தரப் பெட்டிகளில், 40 டன் இரட்டைப் பலகைப் பெட்டியிலும் (பக்கச் சுவரில் உள்ளும் புறமும் பலகை) சரி, 50 டன் ஒற்றைப் பலகைப் பெட்டியிலும் (உள்ளே மட்டும் பலகை) சரி, இந்த வகையில் மூன்று தகட்டு 5-5-5 முனைதான் இருந்தது. 1920களில் இரண்டு தகட்டு 7/8 பரவலானது. ஒரே அளவான மெல்லிய மேடுகள் நெருக்கமாக, பதினைந்துக்குக் குறையாமல் தெரிந்தால் நீங்கள் இந்தக் குடும்பத்தில் இருக்கிறீர்கள்.

இந்த வகையில் ஒரு பலவீனம் இருந்தது. எல்லா மேடுகளும் ஒரே நேர்கோட்டில் நின்றுவிடுவதால், அவற்றின் நுனிக்கும் மூலைத் தூணுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு தட்டையான பட்டை விடுபடுகிறது. சரக்கு மோதும்போது சுவர் அந்தப் பட்டையில் கதவுக் கீல்போல மடங்கும். 1920களின் பின்பாதியில் வந்த ட்ரெட்நாட் முனை இதைத்தான் சரிசெய்தது. அதில் மேடுகள் எண்ணிக்கையில் குறைவு, உருவத்தில் பெரியவை. மூலையை நெருங்கும்போது ஒவ்வொரு மேடும் சன்னமாகி முடியும். இரண்டு பெரிய மேடுகளுக்கு இடையில், மூலை ஓரத்தில் மட்டும், ஈட்டிமுனைபோல ஒரு சிறிய மேடு எதிர்த்திசையில் புகுந்து நிற்கும். மாடல் செய்பவர்கள் அதை டார்ட் என்கிறார்கள். பெரியது மெலியும் இடத்தில் சிறியது தடிக்கிறது. ஆக, சுவரில் எங்கேயும் மேலிருந்து கீழ்வரை மடங்கக்கூடிய தட்டைப் பட்டை கிடையாது. உங்கள் படத்தை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். ஓரங்களில் இந்தச் சிறு ஈட்டிமுனைகள் தெரிந்தால் அது ட்ரெட்நாட். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

ட்ரெட்நாட் என்று தெரிந்தபிறகு எண்ணிக்கை பேச ஆரம்பிக்கும். எண்ணிக்கை சொல்வது உயரத்தை. 1932-ல் அமெரிக்க ரயில்வே சங்கம் வகுத்த எஃகுப் பெட்டியின் உள் உயரம் 9 அடி 4 அங்குலம். அதில் பெரும்பாலும் 4/4. 1937-ல் வந்த தர வடிவமைப்பு 10 அடி, அதற்கு 4/5. அதையே 10 அடி 6 அங்குலமாக உயர்த்தியபோது 5/5. உங்கள் படத்தில் 3712 என்ற எண் இருப்பது அதிர்ஷ்டம். 40 அடிப் பெட்டியின் உள் நீளம் 40 அடி 6 அங்குலம், 1937 வகையின் உள் அகலம் 9 அடி 2 அங்குலம், தரைப்பரப்பு 371.25 சதுர அடி. 3712-ஐ அதால் வகுத்தால் 10 அடி. அதே தரையில் 10 அடி 6 அங்குலம் என்றால் 3898 கன அடி வந்திருக்கும். 4/5 என்று நீங்கள் எண்ணியதும் 10 அடி என்று கணக்கு சொல்வதும் பொருந்துகின்றன. இந்த இரண்டு சாட்சிகளும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே பதிலைச் சொல்வதால் நான் அந்த எண்ணிக்கையை உறுதியானது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கொள்ளளவு எழுத்து தெரியாத படமாக இருந்தால் சக்கரத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இந்தக் காலத்து 40, 50 டன் பெட்டிகளின் சக்கரம் 33 அங்குல விட்டம். படம் கோணத்தில் எடுத்தது என்றால் சக்கரத்தின் அகலம் சுருங்கித் தெரியும். அதனால் உயரவாக்கில் மட்டும் அளக்க வேண்டும். முனைக்கு மிக அருகில் இருக்கும் சக்கரத்தை எடுத்து, அதே மூலையின் உயரத்தோடு ஒப்பிட வேண்டும். இதில் சில அங்குலம் பிசகும். 9 அடி 4 அங்குலத்தையும் 10 அடி 6 அங்குலத்தையும் பிரிக்க இது போதும். 10 அடியையும் 10 அடி 6 அங்குலத்தையும் பிரிக்க இதை மட்டும் நம்பக் கூடாது.

மூலையைப் பற்றியும் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல கவனிப்பு அது. முந்தைய ட்ரெட்நாட் பெட்டிகளில் மூலை சதுரமாக, கத்தி விளிம்புபோலக் கூராக இருக்கும். 1930களின் கடைசியில் மூலைத் தூணின் வடிவம் மாறியது. தூணின் குறுக்குவெட்டு ஆங்கில 'டபிள்யூ' எழுத்தின் சாயலில் இருப்பதால் அதை டபிள்யூ மூலை என்பார்கள். அதில் முனைத் தகடு மூலையில் வளைந்து பக்கச் சுவரை நோக்கித் திரும்பும். வெளியிலிருந்து பார்த்தால் மூலை உருண்டையாக இருக்கும். 4/5-ம் உருண்டை மூலையும் ஒன்றாக இருப்பதால், 1937 வடிவமைப்பின் முதல் பெட்டிகளில் ஒன்றாக இது இருக்க வாய்ப்பில்லை. அதற்குச் சற்றுப் பிந்தையது. எனவே "1930களின் இறுதிக்கு முன்னால் இல்லை" என்பது உறுதி. 1940களின் தொடக்கம் வரை நீளலாம் என்பது நியாயமான ஊகம்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 4/4 என்று எண்ணிவிட்டு "ஆகா, 1932 வகை" என்று முடிவு கட்டுவார்கள். 1940களின் நடுவில் வந்த மேம்படுத்தப்பட்ட ட்ரெட்நாட்டிலும் 4/4 உண்டு! இரண்டுக்கும் எண் ஒன்றுதான், சுவர் வேறு. பழையதில் சிறு மேடுகள் ஓரத்தில் மட்டும் ஈட்டிமுனையாக நிற்கும். மேம்படுத்தியதில் பெரிய மேடுகளுக்கு நடுவே மெல்லிய மேடு ஒன்று சுவரின் குறுக்கே நீளமாக ஓடும். தடித்தது, மெலிந்தது, தடித்தது என்று அடுக்கு மாறிமாறி வரும். பெட்டியின் உயரமும் 10 அடி 6 அங்குலமாக இருக்கும். பிற்பாடு இந்த வகையிலேயே, மேல் தகட்டின் உச்சியில் செவ்வகமான ஒரு தட்டை மேடும் அதன்கீழ் 3/4-ம் வந்தன. மாடல் உலகில் அதை ஆர்-3/4 என்று எழுதுவார்கள். 1950களின் நடுவில் பெரிய மேட்டின் நுனி வளைந்து மெலியத் தொடங்கியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் வாழைப்பழ நுனி. பெயரைக் கேட்டாலே உருவம் மனதில் வந்துவிடும். 1960களின் முனைகளில் மேடு மூலைக்கு முன் நிற்பதே இல்லை, ஓரம்வரை ஓடிவிடும்.

மேடே இல்லாத எஃகு முனையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். பென்சில்வேனியா ரயில்ரோடு 1924 முதல் ஆயிரக்கணக்கில் கட்டிய எக்ஸ்29 வகையில் தொடக்கத்தில் தட்டைத் தகடுதான். உள்ளே தாங்கு தூண்கள் நிற்கும் இடத்தில் வெளியே செங்குத்தாக ரிவெட் வரிசைகள் மட்டும் தெரியும். அதே எக்ஸ்29-ன் பிந்தைய தொகுதிகளில், 1930களில், ட்ரெட்நாட் வந்துவிட்டது. புல்மன்-ஸ்டாண்டர்ட் கம்பெனி 1947-ல் கொண்டுவந்த பி.எஸ்.-1 பெட்டிக்குத் தன் சொந்த முனையை வைத்துக்கொண்டது. கனடாவின் ஹாமில்டனில் இருந்த நேஷனல் ஸ்டீல் காருக்கும் சொந்த முனைகள் இருந்தன. எனவே நுனியும் எண்ணிக்கையும் மேலே சொன்ன எதிலும் அடங்கவில்லை என்றால், இழுத்துப் பிடித்து ட்ரெட்நாட்டில் அடைக்காதீர்கள்.

முனை பொய் சொல்லும் சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. பெரியது மறுகட்டுமானம். முதல் உலகப்போர்க் காலத்து இரட்டைப் பலகைப் பெட்டிகள் பலவற்றுக்கு 1930களிலும் 1940களிலும் மரப்பக்கத்தை உரித்துவிட்டு எஃகுப் பக்கம் போட்டார்கள். அடிச்சட்டமும் 5-5-5 முனையும் பழையபடியே இருந்தன. உயரத்தைக் கூட்டியபோது முனையின் தலையில் ஒட்டுப்போட்டதுபோல ஒரு துண்டுத் தகடு சேர்ந்தது. மேலே அப்படி ஒரு பொருந்தாத துண்டு, கீழே பக்கச் சுவர் அடிச்சட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது மறுபிறவி எடுத்த பெட்டி. இதற்கு நேர்மாறாக, இரண்டாம் உலகப்போரில் எஃகு கிடைக்காமல் 1943, 1944-ல் கட்டிய பெட்டிகளில் பக்கம் மரப்பலகை, முனையோ ட்ரெட்நாட் எஃகு. மரப்பக்கத்தைப் பார்த்து 1920 என்று சொல்பவர்களை அந்த முனைதான் திருத்தும். விபத்தில் சேதமான ஒரு முனையை மட்டும் மாற்றிய பெட்டிகளும் உண்டு. பிரேக் சக்கரம் இருக்கும் முனையை பி முனை என்றும் எதிர்முனையை ஏ முனை என்றும் சொல்வார்கள். படத்தில் தெரிவது எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பார்த்து மற்றதும் அப்படியே என்பது பெரும்பாலும் சரி, எப்போதும் அல்ல.

அதனால் முனை சொன்னதை மற்ற உறுப்புகளிடம் விசாரியுங்கள். பிரேக் சக்கரம் செங்குத்துத் தண்டின் உச்சியில் தட்டுபோலப் படுத்திருந்தால் பழைய முறை. முனைச்சுவரை ஒட்டி, பல்சக்கரப் பெட்டியோடு கடிகாரம்போல நிமிர்ந்திருந்தால் 1930களின் பிற்பகுதியிலிருந்து பரவலான முறை. கூரைத் தகட்டின் அழுத்தங்கள் செவ்வகமாக இருந்தால் 1948-க்கு முந்தைய பாணி. குறுக்குச்சாய்வாக இருந்தால் அதற்குப் பிந்தையது. கூரைமேல் நடைபாதை இருப்பது உங்கள் பெட்டியின் வயதை நெருக்கிச் சொல்ல உதவாது, ஏனென்றால் 1966-ல்தான் புதுப் பெட்டிகளில் அதை நிறுத்தினார்கள். படத்தின் காலத்துக்கு மட்டும் அது ஒரு சிறு குறிப்பு.

எந்த ரயில்வே, எந்தத் தொழிற்சாலை என்பதை இந்த முனையிலிருந்து எடுக்க முடியாது. யாராவது எடுத்துச் சொன்னால் நம்பாதீர்கள். முனையைச் செய்து விற்றது ஒரு கம்பெனி, அதை வாங்கிப் பெட்டியில் பொருத்தியது பல தொழிற்சாலைகள், ஓட்டியது இன்னும் பல ரயில்வேக்கள். தேடலைச் சுருக்க வழி உண்டு. அமெரிக்க ரயில்வேக்களின் பெட்டி எண் தொடர்களை உள் அளவுகளோடு அச்சிட்டுவந்த அதிகாரபூர்வ உபகரணப் பதிவேட்டின் பழைய பிரதிகள் ஸ்கேனாகக் கிடைக்கின்றன. 1940களின் தொடக்கத்து இதழ் ஒன்றில் 40 அடி 6 அங்குலம், 9 அடி 2 அங்குலம், 10 அடி, 3712 கன அடி என்று வரும் தொடர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் எண்ணின் ஒன்றிரண்டு இலக்கம் நிழலாகத் தெரிந்தாலும் பட்டியல் பாதியாகிவிடும்.

மாடலுக்கு வருவோம். 10 அடிக்கும் 10 அடி 6 அங்குலத்துக்கும் 1:87-ல் வித்தியாசம் 1.75 மில்லிமீட்டர்தான். சின்னதாகத் தோன்றும். ஆனால் 5/5 முனையை வாங்கி அடியில் அரம் போட்டு 10 அடி உடலில் பொருத்தினால், கடைசி மேடு பாதி அறுந்து நிற்பது பார்த்தவுடன் கண்ணில் படும். தகடு இணையும் ரிவெட் வரிசையும் தவறான உயரத்தில் போய் உட்காரும். 4/5, டபிள்யூ மூலை, 10 அடி என்று மூன்றையும் கேட்டே வாங்குங்கள். சதுர மூலை முனைதான் கிடைக்கிறது என்றால், மூலையை உப்புத்தாளால் உருட்டிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஓரத்து ஈட்டிமுனைகள் முதலில் தேய்ந்துபோகும், அதைச் செய்ய வேண்டாம். படத்தை மறுபடி ஸ்கேன் செய்ய முடிந்தால் 1200 டிபிஐ-யில், முனையின் வலப்பக்கக் கீழ் மூலையை மட்டும் எடுத்துப் போடுங்கள். மூலையின் வளைவும் கடைசி மேட்டின் நுனியும் அங்கேதான் சேர்ந்து தெரியும்.